பர்ஸ் வந்தது, கார்டு வரவில்லை

ஜூலை 29, திங்கள்

ஆடிக் கிருத்திகை. பழனிக்குப் போகிறேன் என்று அவர் விடியலிலேயே கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். "கூட்டத்துல உன்ற முட்டி தாங்காது புள்ள, நீ ஊட்டுலயே கும்புட்டுக்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத அக்கறை.

சாயங்காலம் வந்தார். பஞ்சாமிர்தம் எங்கே என்று கேட்டேன். மறந்துவிட்டாராம். பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தத்தை மறந்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நெற்றியில் திருநீறுகூட இல்லை. வேர்வையில் அழிந்துவிட்டது என்கிறார். முருகா, உன் பக்தனை நீயே பார்த்துக்கொள்.

பக்கத்து வீட்டுச் சரசு வந்தாள். மடத்துக்குளத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேனில் போகிறவள். "கௌசல்யாவப் பார்த்தனுங்க்கா. ஏழு மாசம் முடிஞ்சு எட்டு நடக்குது. காலெல்லாம் வீங்கிக் கெடக்குது" என்றாள். நான் கேட்கவே இல்லை. என் சொல்லை மீறி, வேற்றுச் சாதியில் எவனோ ஒரு கட்டிங் மாஸ்டரை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு போனவள் எனக்கு மகளும் இல்லை, நான் அவளுக்குத் தாயும் இல்லை. என் காசில் ஒரு பைசா உனக்கு வராது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். உன் காசு எனக்கு மண்ணுக்குச் சமம் என்று அவளும் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

கால் வீக்கத்துக்குப் பார்லித் தண்ணீர் நல்லது என்று சரசுவிடம் பொதுவாகச் சொல்லி வைத்தேன். கால் யாருக்கு வேண்டுமானாலும் வீங்கலாம் அல்லவா.

ஜூலை 30, செவ்வாய்

கொழுந்தனார் வந்தார். தோட்டத்தில் தண்ணிக்குப் போர் போட வேண்டுமாம். அண்ணனும் தம்பியும் வாசலில் குசுகுசுவென்று பேச்சு. நான் காபி கொண்டுபோனதும் பேச்சு மழையைப் பற்றி மாறிவிட்டது. "அண்ணி, ஒடம்பப் பாத்துக்கோங்" என்று வேறு. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றபோது வந்த பணம் பாங்கில் என் பேரில் கிடக்கிறது. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அதன் மேல் ஒரு கண்.

ஜூலை 31, புதன்

பழைய மில் சிநேகிதர் ஒருவர் தவறிவிட்டார் என்று அவர் மறுபடி கிளம்பிப்போனார். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்கு வந்து, குடத்தில் மொண்டு தண்ணீர் குடிக்கிறார்! எழவு வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல்! நான் போட்ட சத்தத்தில் சரசு எட்டிப் பார்த்தாள். "அட, ஆமா" என்று துண்டைத் தேடினார். வயசாகிறது. வேறென்ன.

குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பர்ஸ் போய்விட்டது.

உடுமலைச் சந்தைக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் வந்தேன். இறங்கும்போது கையில் காய்கறிப் பை இருந்தது, பர்ஸ் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை "எந்த ஊருங்" என்று கேட்டுப் பேச்சுக் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம். கொஞ்சம் பணம், ரேஷன் கார்டு, ஏடிஎம் கார்டு, ஒரு பழைய போட்டோ. யார் போட்டோ என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

கார்டை நிறுத்தச் சொல்லிப் பாங்குக்குப் போன் போடுங்கள் என்றேன். "அவசரப்படாத புள்ள, கெடச்சாலும் கெடைக்கும்" என்கிறார். அவசரப்படாமல் இருக்க இதென்ன கல்யாணப் பேச்சா? சரசு மகன் செல்லில் நானே போட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று பாட்டெல்லாம் பாடி ஒருவழியாக நிறுத்தினார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் ஊற்றவில்லை. மனசு சரியில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் கிளறிக்கொண்டிருந்தபோது தெருவே அதிர ஒரு பழைய புல்லட் வந்து நின்றது. இறங்கியவனுக்குக் கழுத்தில் சங்கிலி, கையில் காப்பு, அடித்திருந்த சென்ட்டில் எனக்குத் தும்மலே வந்துவிட்டது. "ஜோதிமணி அக்கா வீடு இதானக்கா?" என்றான். பார்த்த நிமிஷத்திலேயே அக்கா. பேச்சு தெக்கத்திப் பேச்சு.

பெயர் சீனிராஜாம். விருதுநகர்ப் பக்கத்து ஆள், உடுமலையில் பழைய வண்டி வாங்கி விற்கிறானாம். "வித்த வண்டிய ஆளுகிட்ட ஒப்படைச்சிட்டுப் பஸ்ல வந்தேன்க்கா. சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. ரேசன் கார்டுல விலாசம் பாத்தேன்" என்று என் பர்ஸை நீட்டினான். "பெட்ரோலுக்கு மட்டும் ஒரு நோட்டு எடுத்துக்கிட்டேன், கோவிச்சுக்கிராதீங்க."

பணம் இருந்தது. போட்டோ இருந்தது. ஏடிஎம் கார்டு இல்லை.

"கார்டு எங்கே?" என்றேன்.

"அது பர்ஸ்ல இல்லியேக்கா" என்றான். கொஞ்சமும் தடுமாறவில்லை. தடுமாறாமல் பேசுகிறவனைத்தான் நம்பக்கூடாது. பணத்தை விட்டுவிட்டுக் கார்டை மட்டும் எடுப்பான் எவன்? யோசித்துப் பார்த்தேன். கெட்டிக்காரத் திருடன் எடுப்பான். சில்லறையைத் திருப்பிக் கொடுத்து நல்லவன் பட்டம் வாங்கிக்கொண்டு, பெரிசாக அடிப்பான்.

இவர் குறுக்கே வந்து, "சரி உடு, வந்தவரைக்கும் லாபம். தம்பிக்குக் காபி குடு" என்றார். காபி வேண்டாம் என்றவன், சித்ரான்னம் வாசனை பிடித்துவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பாங்குக்குப் போய்ப் பாஸ்புத்தகம் பதிந்து பார்த்தேன். ஒரு வருஷப் பென்ஷனுக்கு மேல் போய்விட்டது.

கவுண்டரில் இருந்த பெண் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஏனுங்ம்மா, பர்ஸ் வியாழக்கெழமதானுங் தொலஞ்சுது? இது அதுக்கு முன்னாடி திங்கக்கெழமையும் புதங்கெழமையும் எடுத்துருக்குதுங். திருப்பூர் ஏடிஎம்ல. நம்பரும் ஒரே தடவைல சரியாப் போட்டிருக்காங்" என்றாள்.

அப்படியானால் விஷயம் தெளிவு. சீனிராஜ் திங்கட்கிழமையே கார்டை எடுத்துவிட்டான். பிறகு வியாழக்கிழமை பர்ஸையும் எடுத்தான். இப்படிச் சொன்னபோது அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சின்னப் பெண், உலகம் தெரியாது.

பணம் எடுத்தால் தகவல் வருமே என்றேன். வரும், ஆனால் பதிந்திருப்பது அவர் செல் நம்பராம். வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஆயிரம் மெசேஜ் வருது, எதைப் பாக்கறது" என்றபடி பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். பேப்பர் நேற்றையது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷன். எழுதிக்கொடுத்ததைப் படித்துவிட்டு ஏட்டு, "ஊட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?" என்றார். நானும் அவரும்தான் என்றேன். "அப்ப நீங்களோ அவரோதாங்க" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எங்கள் வீட்டில் திருடன் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சீனிராஜைப் பற்றி நாலு பேரிடம் சொன்னேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சூதானமாக இருக்க வேண்டும் அல்லவா.

ஆகஸ்ட் 7, புதன்

புல்லட் சத்தம். இந்தத் தடவை சென்ட் வாசனை இல்லை.

"என்னக்கா இப்பிடிப் பண்ணிட்டீங்க? வண்டி பாக்க வந்தவன் என்னைய 'ஏடிஎம் சீனி'ங்கறான்! ஒரு நோட்டு எடுத்ததையே வாயத் தொறந்து சொன்னவன்க்கா நானு!"

"யோக்கியன்னா அம்மன் முன்னால வந்து நில்லு" என்றேன்.

மலையடிவாரத்தில் எங்கள் பக்கத்து அம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. களவு கொடுத்தவர்கள் அங்கே போய், கோயில் ஆட்டுக்கல்லில் வரமிளகாய் அரைத்து, அம்மன் எதிரே நட்டிருக்கும் கல்லில் பூசிவிட்டு வருவார்கள். களவுச் சொத்தைத் தின்றவருக்கு உடம்பு எரியும். விஷயம் தீர்ந்தால், அரைத்தவர்தான் போய் எண்ணெய் ஊற்றிக் கல்லைக் குளிர வைக்க வேண்டும். போலீசுக்குப் பயப்படாதவனும் அதற்குப் பயப்படுவான்.

சீனிராஜ் பயப்படவில்லை. "மொளகா நானே வாங்கிட்டு வாரேன்க்கா. நானே அரைக்கிறேன்" என்றான்.

பயந்தது வேறு ஆள். "வேண்டாம் புள்ள. அம்மங்கிட்ட வெளையாடாத. போனது போச்சுன்னு உடு" என்றார் இவர். கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். "நீங்களும் வரணும்" என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

போய்விட்டு வந்தோம்.

கடைசி ஆடி வெள்ளிக்கு முந்தின வெள்ளி, நல்ல கூட்டம். ஆட்டுக்கல்லுக்கே வரிசை. மாடு தொலைத்தவர், தாலிக்கொடி தொலைத்தவர், வரப்பு தொலைத்தவர் எல்லோரும் கையில் மிளகாயோடு. சீனிராஜ் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து அரைத்தான். மூக்கிலும் கண்ணிலும் ஊற்றுகிறது, விடவில்லை. பிறகு நான் உட்கார்ந்து வழித்து வழித்து விழுதாக அரைத்தேன். இவர் வேப்பமரத்தடியை விட்டு நகரவில்லை. கூப்பிட்டதற்கு முட்டி வலி என்றார். முட்டி வலி எனக்கல்லவா?

விழுதை அள்ளிக் கல்லில் பூசினேன். "என்ற காசத் தின்ன வயிறு எரியோணும் தாயே" என்று சத்தமாகவே சொன்னேன். கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கட்டும்.

திரும்பிப் பார்த்தால் இவர் வெயிலில் நிற்கிறார். "வயித்தயா சொன்ன?" என்றார். "வேற எதையாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா? கையி, காலுன்னு?"

எனக்குக் கை எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவியும் அடங்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

அவர் சாப்பிடவில்லை. மோர் மட்டும். எண்ணெய்க் காப்பு என்றைக்கு என்று கேட்டார். திருடன் கிடைத்த பிறகு என்றேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்றும் மோர்தான். கொழுந்தனார் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று சரசுவை விட்டு விசாரிக்கச் சொன்னேன். எல்லோரும் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களாம். யாருக்கும் ஒன்றும் எரியவில்லையாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் அவர் குளிக்கப் போயிருந்தார். கட்டிலில் கிடந்த செல் அடித்தது. 'மில் கணேசன்' என்று வந்தது. எடுத்தேன். நான் ஹலோ சொல்வதற்குள் பெண் குரல்.

"அப்பா, வெள்ளிக்கெழமையில இருந்து நெஞ்சுல இருந்து வயிறு வரைக்கும் ஒரே எரிச்சலுப்பா. தண்ணி குடிச்சாக்கூட எரியுது. பயமா இருக்குது. நீங்க வர்றீங்களா?"

இரண்டு வருஷம் கழித்து என் மகளின் குரல். "அப்பா? அப்பா?" என்று கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் செல்லையும் என்னையும் பார்த்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவளுக்கு ரத்தக் கொதிப்பாம். பிரசவம் வரை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். முன்பணம் கட்ட அவனிடம் இல்லை. கிருத்திகையன்று பழனிக்குப் போகவில்லை, எழவும் இல்லை. இரண்டு தடவையும் திருப்பூர்தான். ஒரே நாளில் அவ்வளவும் எடுக்க மெஷின் விடவில்லையாம். கார்டைப் பர்ஸில் திருப்பி வைப்பதற்குள் நான் பர்ஸையே தொலைத்துவிட்டேன். அம்மா காசு என்றால் தொடமாட்டாள் என்று, மில் சிநேகிதரிடம் கைமாற்று வாங்கியதாக அவளிடமும் பொய்.

"நம்பர் ஆரு சொன்னா?" என்றேன்.

"ஆரு சொல்லோணும்? அவ பொறந்த தேதிய உட்டா உனக்கு வேற என்ன நம்பர் தெரியும்?" என்று அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

இப்போது நானும் சொல்லிவிடுகிறேன். பாங்கில் தேதியைப் பார்த்த நிமிஷமே எடுத்த கை யாருடையது என்று எனக்குத் தெரியும். இதில் எழுதவில்லை, எழுதினால் நிஜமாகிவிடும். தம்பிக்குப் போர் போடக் கொடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நேரே கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அதனால் ஊர் பேர் தெரியாத சீனிராஜைத் திட்டினேன். தெரியாதவனைத் திருடன் என்று சொல்வது எவ்வளவு லேசாக இருக்கிறது! கொழுந்தனார் குடும்பத்து வயிற்றை நினைத்து மிளகாய் அரைத்தேன். அது போய்ச் சேர்ந்த வயிறு எது?

அம்மா தாயே, நான் பாவி. எட்டு மாசப் பிள்ளை இருக்கிற வயிறு.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

விடிந்ததும் சீனிராஜுக்குப் போன் செய்தேன். கோயிலுக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. வேறு யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"வாரேன்க்கா. ஆனா போற வழியில அந்த டீக்கடையில ஒரு நிமிசம் நிப்பாட்டுவேன்" என்றான்.

நிறுத்தினான். நியாயம்தானே. புல்லட்டிலிருந்து இறங்கி, கடையில் இருந்த அத்தனை ஆண்பிள்ளைகளுக்கும் முன்னால், "இந்தத் தம்பி என்ற கார்ட எடுக்கல. அது எங்கூட்டுக் காரியம். நாந்தான் தெரியாமப் பேசிப்போட்டேன்" என்றேன்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாக்கா. அந்த ஓரத்து பெஞ்சுக்குக் கேக்கல" என்றான் கிராதகன். சத்தமாகச் சொன்னேன்.

ஆடிச் செவ்வாய்க் கூட்டம் இன்னும் வரவில்லை, கோயிலில் ஈ காக்கை இல்லை. கல்லில் என் மிளகாய் காய்ந்து கறுத்துக் கிடந்தது. குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கையாலேயே தேய்த்துக் கழுவினேன். பூசாரி எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "களவாண்டது ஆருன்னு தெரிஞ்சுபோச்சுங்களா? அம்மங்கிட்ட பேரச் சொல்லோணும். சொன்னாத்தான் காப்பு" என்றார்.

கணவர் பேரைச் சொல்வதா? மகள் பேரைச் சொல்வதா? சீனிராஜ் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

"களவே போகல தாயே. என்ற புள்ளைக்கு நாந்தான் குடுத்தேன். குடுத்தத மறந்துபோட்டேன்" என்றேன். பூசாரி என் முகத்தைப் பார்த்தார். அம்மனும் பார்த்திருப்பாள். பொய் என்று தோன்றினால் எரிக்கட்டும், என்னை எரிக்கட்டும். கிண்ணத்தை நீட்டினார், எண்ணெயை ஊற்றினேன். வெண்ணெயும் சாற்றினேன்.

உடுமலை பஸ் ஸ்டாண்டில் அவர் காத்திருந்தார். இருவருமாகத் திருப்பூர் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். மருமகன் ஸ்டூலிலிருந்து எழுந்து, "வாங்கத்தே" என்றுவிட்டு டீ வாங்குகிற சாக்கில் வெளியே போனான். நல்ல பையனாகத்தான் தெரிகிறான். பார்க்கலாம்.

நர்ஸை மடக்கி, எரிச்சல் எப்படி என்று கேட்டேன். எட்டாம் மாசத்தில் நிறையப் பேருக்கு வருவதுதான், மருந்து கொடுத்திருக்கிறோம், பிள்ளை நன்றாக இருக்கிறது என்றாள். வெள்ளிக்கிழமை ஆரம்பித்ததற்கு என்ன காரணம் என்று அவளிடம் எப்படிக் கேட்பது?

கௌசல்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் உப்பிவிட்டது. கண் மட்டும் பழையபடி. "காசு ஆரு குடுத்ததுன்னு அப்பா இப்பத்தான் சொன்னாரு" என்றாள். கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை. நான் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

"கிட்ட வா. எதுக்கும்மா கையப் பின்னால ஒளிச்சுக்கற?"

மறைக்க என்ன இருக்கிறது. சொல்லிவிட்டேன். "உன்ற வயிறு எரியோணும்னு மொளகா அரைச்ச கையி கண்ணு இது. உனக்குன்னு தெரியாது. தெரியாமத்தான்..." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் பிள்ளை என்னைப் பார்த்தாள். முந்தானைக்குள் இருந்த என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப அந்தக் கையிலயே தடவிக் குடு" என்றாள்.

தடவிக் கொடுத்தேன். கழுவிவிட்டு வந்தாயா என்றுகூட அவள் கேட்கவில்லை.